மாட்டுப் பவுண்டில் ஒரு வில்லை

எருக்கநத்தத்துக்கு அந்த வில்லை வந்து சேர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். மினிபஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்து, பஸ் கிளப்பின புழுதி அடங்குகிறவரை ஓடைப் பாலத்தில் கொஞ்சம் நின்று, அப்புறம் யாரிடமும் வழி கேட்காமல் கடைத்தெருவைத் தாண்டி, கொம்பையா அண்ணாச்சியின் மாவு மில்லுக்கு முன்னால் நின்றுகொண்டது. உள்ளே மிளகாய் வற்றல் அரைபட்டுக்கொண்டிருந்ததால் வரிசையில் நின்ற பெண்கள் தும்மிக்கொண்டே அதைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு, அதுவும் நிற்க இடம் வேண்டுமே என்று தங்கள் டின்களைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தார்கள். நெல் அடிக்கிற களம் அளவுக்கு அகலம். நடுவில் தடித்து, ஓரம் போகப் போக மெலிந்து, சட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த ஆப்பம் மாதிரி இருந்தது. பழுத்த மஞ்சளில் வெளிச்சம், கிட்டே போய்ப் பார்த்தால் அந்த வெளிச்சம் முழுக்கப் பொடிப்பொடியாக நட்சத்திரம்.

யாரும் ஆச்சரியப்படவில்லை. எதற்கு ஆச்சரியப்பட? முந்தின வாரமே பேப்பரில் போட்டிருந்தான், 'தொலைதூர வில்லை வடிவ விண்மீன் மண்டலத்தை எருக்கநத்தம் பெண் கண்டுபிடித்தார்' என்று. வெறுமனே பார்த்ததோடு சரி என்றால் கண்டார் என்று போட்டிருப்பான். கண்டுபிடித்தார் என்று போட்டால் கண்டு, பிடித்தும் ஆயிற்று என்றுதானே அர்த்தம்? பிடிபட்டது பிடித்தவள் வீட்டுக்கு வராமல் வேறெங்கே போகும்? அதன் வெளிச்சம் பூமிக்கு வந்து சேரவே கோடிக்கணக்கான வருசம் ஆகும் என்று எழுதியிருந்த தூரத்தை அது எப்படி ஒரே வாரத்தில் வந்தது என்று டீக்கடையில் ஒருத்தர் சந்தேகம் கேட்டார். பிடிபட்டால் வந்துதானே ஆகணும் என்று பதில் சொல்லி அவர் வாயை அடைத்துவிட்டார்கள்.

சங்கடம் அதில் இல்லை. பேப்பரில் போட்டிருந்த பெயரில்தான் சங்கடம். சந்தனமாரி என்று போட்டு, கண்ணாடி போட்ட ஒரு படமும் போட்டிருந்தான். டீக்கடையில் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தவர் அந்தப் பெயர் வந்ததும் இருமினார், பேப்பரை மடித்தார், மடித்த பேப்பரில் கடைக்காரர் வடை கட்டிக் கொடுத்துவிட்டார். ஏனென்றால் எங்கள் ஊரைப் பொறுத்தவரை கொம்பையா மகள் சந்தனமாரி செத்து ஆறு வருசம் ஆகியிருந்தது.

செத்தாள் என்றால் சாகவில்லை. வானத்தைப் பற்றிப் படிக்க வெளியூர் போனவள், படிப்பு முடிந்த கையோடு எங்கள் ஊர்க் காலனி எபநேசரை ரிஜிஸ்தர் ஆபீஸில் கல்யாணம் முடித்துக்கொண்டாள், அவ்வளவுதான் நடந்தது. எபநேசர் நல்ல பையன், ஸ்கூலில் அவளுக்கு ஒரு வகுப்பு மூத்தவன், தங்கமான குணம் என்று அதற்கு முந்தின நாள்வரை ஊரே சொல்லும். முந்தின நாள்வரை. மறுநாள் கொம்பையா டவுன் பிரஸ்ஸுக்குப் போய் மகளுடைய ப்ளஸ் டூ போட்டோவைக் கொடுத்து, கனகாம்பரம் வைத்த ரெட்டைச் சடைப் படத்துக்குக் கீழே ஒரு தீபத்தை வைத்து, 'கண்ணீர் அஞ்சலி' என்று போஸ்டர் அடித்துக்கொண்டு வந்து ஊரெல்லாம் ஒட்டினார். அடியில், 'இவண்: குடும்பத்தார், ஊர்ப் பொதுமக்கள்.' பிறகு ஓடைக்கரையில் உட்கார்ந்து மொட்டை போட்டார், பிண்டம் வைத்தார், பதினாறாம் நாள் கருமாதிக்குப் பந்தல் போட்டு ஊரைக் கூப்பிட்டுச் சோறு போட்டார். ஊர் போனது, உட்கார்ந்தது, சாப்பிட்டது. பாயசத்தில் முந்திரி தாராளம் என்று திரும்பி வரும்போது பேசிக்கொண்டது. உயிரோடு ஒரு பிள்ளை எங்கேயோ மூச்சு விட்டுக்கொண்டிருக்க, அவள் கருமாதிப் பாயசத்தில் முந்திரியை ருசி பார்த்த ஊர் இது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

இப்போது வில்லை வந்து மில் வாசலில் நிற்கிறது. புருவமெல்லாம் மாவு படிந்த கொம்பையா மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்தார். அதற்குள் ஊர்த்தலைவரும் வந்துவிட்டார்.

"அண்ணாச்சி, இது உங்க வீட்டத் தேடி வந்த மாதிரில்லா இருக்கு" என்றார் தலைவர், தரையைப் பார்த்துக்கொண்டு.

"என் வீட்டுல எதையும் பிடிக்க ஆளு கிடையாது" என்றார் கொம்பையா. "எனக்கு இருந்தது ஒரே பிள்ள. அதுவும் செத்துப்போச்சு. ஊருக்கே தெரியும்லா."

ஊர் தலையாட்டியது. அதற்கென்ன, ஆட்டிப் பழகின தலை.

சொந்தக்காரர் இல்லாமல் வந்து நிற்பதை எங்கள் ஊரில் பவுண்டில் அடைப்பதுதான் வழக்கம். பவுண்டு என்றால், அடுத்தவன் வெள்ளாமையில் வாய் வைத்த மாட்டைப் பிடித்துவந்து அடைக்கிற கல்சுவர் வளைவு, பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதற்குக் காவல் உலகம்மாள். அவளிடம் சட்டம் என்றால் சட்டம். எந்த மாட்டை அடைத்தாலும் பிடித்தது இன்னார் என்று இன்னொருத்தர் வாயால் சொல்லவேண்டும், அவிழ்த்துவிடுகிற அன்றைக்கும் அதே மாதிரி சொல்லவேண்டும், பிடித்த கைதான் வாசல் படலின் கம்பை உருவித் திறக்கவேண்டும். ஒரு காலத்தில் கண்டவன் வந்து கண்ட மாட்டை அவிழ்த்து வெட்டுக்குத்து வரை போனதால் வந்த ஊர்க்கட்டு அது. தலைவர் முன்னால் நடக்க வில்லை பின்னால் வந்தது, மில் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு பக்கம் சாய்ந்து சாய்ந்து வந்தது.

"பிடிச்சது யாரு? பேரச் சொல்லுங்க" என்றாள் உலகம்மாள்.

எல்லோரும் தலைவரைப் பார்த்தார்கள்.

"பேரு இல்லாம அடைச்சா அப்புறம் அவுக்க முடியாது. இப்பமே சொல்லிட்டேன்."

"ஏளா, அடை, பெறகு பாத்துக்கிடலாம்" என்றார் தலைவர்.

அவள் அடைத்தாள். அந்தக் கல்சுவருக்குள் வில்லை தன்னைச் சுருக்கிக்கொண்டு, இடித்துக்கொள்ளாமல், வந்த இடத்தில் வம்பு வேண்டாம் என்கிற மாதிரி அடங்கி உட்கார்ந்தது. தண்ணித் தொட்டியை நிரப்பி வைத்தாள், கொஞ்சம் சோளத்தட்டையும் போட்டாள். அது எதையும் தொடவில்லை.

அதற்குப் பிறகு வில்லை எங்கள் ஊரில் இருந்தது, மற்றவை எல்லாம் இருக்கிற மாதிரி. பவுண்டுச் சுவர் மேல் காயப்போட்ட கூழ்வற்றல் பாதிப் பொழுதில் காய்ந்துவிடுகிறது என்று தெரிந்ததும் பெண்கள் இடம் பிடிக்கச் சண்டை போட்டார்கள், மழைக்காலத்தில் துணி காயப்போட ஊரே அங்கே கொடி கட்டியது, கரண்ட் போனால் பிள்ளைகள் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே ஓடின, சாயங்காலம் என்று தெரியாமல் கோழிகள் கூட்டில் அடைய மறுத்து அலைந்தன, மினிபஸ் கண்டக்டர் பவுண்டு ஸ்டாப் என்று சொல்வதை விட்டுவிட்டு 'வில்லை ஸ்டாப், எல்லாம் இறங்கு' என்று சொல்லத் தொடங்கினார். கோயில் கொடைத் திருவிழா வந்தபோது வில்லை அம்மனுக்கு முன்னால் வரவேண்டுமா பின்னால் வரவேண்டுமா என்று ஒரு கூட்டம் போட்டு, முடிவு தெரியாமல் கலைந்தார்கள். ஒரு மகராசி யாருக்கும் தெரியாமல் நாலைந்து நட்சத்திரங்களைத் தீப்பெட்டியில் அள்ளிக்கொண்டு போய் அடுப்புப் பற்றவைக்கப் பார்த்தாள், அது அவள் அடுப்பில் சாம்பல் மாதிரிக் கிடந்தது. திரும்பக் கொண்டுவந்து போட்டதும் பழையபடி மினுக்கியது.

எங்கள் ஊர் ஸ்கூலில் அறிவியல் நடத்துகிற லில்லி டீச்சர் பிள்ளைகளைக் கூட்டிவந்து சுவருக்கு வெளியே நிறுத்திப் பாடம் சொன்னாள். இந்த மாதிரி வில்லை வடிவத்தில் புது நட்சத்திரம் பிறக்கிறது ரொம்ப ரொம்பக் குறைவு, அதற்கு வேண்டிய வாயு எல்லாம் எப்போதோ தீர்ந்துபோனது, இதில் இருப்பதெல்லாம் வயசான நட்சத்திரம், இருப்பதை வைத்து எரிந்துகொண்டிருக்கிறது என்றாள். பிறப்பில்லாதது என்று பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொல்லிவிட்டன. அவ்வளவுதான், வயிற்றுப்பிள்ளைக்காரிகள் பவுண்டுப் பக்கம் போகக்கூடாது என்று மறுநாளே ஊர்க்கட்டு. எதற்குக் கட்டுப் போடணும் எதற்குப் போடக்கூடாது என்பதில் எங்கள் ஊருக்கு என்றைக்குமே நிதானம் கிடையாது.

வில்லை எதையும் பொருட்படுத்தவில்லை. எந்நேரமும் மில் இருக்கிற திசைக்குத் தன் ஓரத்தைச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தது, கன்றைத் தேடுகிற பசு மாதிரி.

அப்புறம்தான் சுவர்கள் பேச ஆரம்பித்தன. முதலில் ரேஷன் கடைச் சுவர். புதுப்படப் போஸ்டர் ஒட்டியிருந்த இடத்தில், ஒருநாள் சாயங்காலம் வில்லையின் வெளிச்சம் விழ விழ, கதாநாயகனின் மீசைக்குள்ளிருந்து ரெட்டைச் சடை ஒன்று தெரிந்தது, கனகாம்பரம் தெரிந்தது, கண் தெரிந்தது, தீபம் தெரிந்தது. மறுநாள் டீக்கடைச் சுவரில், அதற்கு மறுநாள் தண்ணித் தொட்டியில், பஸ் நிழற்குடையில், ஸ்கூல் காம்பவுண்டில், கட்சிக்காரன் வெள்ளையடித்துப் பெயர் எழுதியிருந்த பாலத்துக் கைப்பிடியில். மேலே எத்தனை காதுகுத்து விழா, எத்தனை திருமண வாழ்த்து, எத்தனை வருக வருக ஒட்டியிருந்தாலும் அத்தனைக்கும் அடியிலிருந்து அந்தப் பிள்ளையின் முகம் மேலே மேலே வந்தது. கண்ணீர் அஞ்சலி, கண்ணீர் அஞ்சலி என்று தெருத்தெருவாக வந்தது. ஒவ்வொன்றின் அடியிலும் 'இவண்: குடும்பத்தார், ஊர்ப் பொதுமக்கள்' என்று எங்களை எங்களுக்கே காட்டிக்கொடுத்துக்கொண்டு வந்தது.

"அது பழைய வெளிச்சம். பழைய வெளிச்சத்துல பழசுதான் தெரியும்" என்றாள் லில்லி டீச்சர். அவளும் அந்தக் கருமாதிப் பந்தலில் இலையில் உட்கார்ந்தவள்தான்.

சுண்ணாம்பு அடித்தோம், சுண்ணாம்பு காய்வதற்குள் முகம் வந்துவிட்டது. தார் பூசினோம், தாரில் இன்னும் தெளிவாக வந்தது. பவுண்டை லாரித் தார்ப்பாய் போட்டு மூடினோம், தார்ப்பாய்க்கு வெளியே வெளிச்சம் அதுபாட்டுக்கு வந்தது. டீக்கடை பெஞ்சில் உட்காருகிறவர்கள் முதுகால் சுவரை மறைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள், எதிர்ச் சுவரில் அவள் இருந்தாள். ஊரே குனிந்து நடக்கப் பழகியது. குனிந்து நடந்து நடந்து ஒருத்தர் மேல் ஒருத்தர் முட்டிக்கொண்டு, முட்டினதற்குக்கூட ஏசாமல் போனார்கள். அந்த வருசம் எந்தக் கல்யாணத்திலும் பாயசம் வைக்கவில்லை. ஏன் வைக்கவில்லை என்று யாரும் கேட்கவும் இல்லை. வெட்கம் என்று சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு உடம்பு சரியில்லை, வெயில் அதிகம் என்று சொல்லித் திரிந்தோம்.

கொம்பையா பாடுதான் ரொம்ப மோசம். அவர் தலையில் ஆறு வருசத்து முடி இருந்தது, நரைத்திருந்தாலும் நல்ல அடர்த்தி. அந்த வெளிச்சம் படுகிற இடத்துக்கு வந்தால் அத்தனை முடியும் இல்லாமல், அன்றைக்கு ஓடைக்கரையில் மழித்த மாதிரியே மொட்டையாகத் தெரிந்தார், பூசின சந்தனம்கூடத் தெரிந்தது. பிள்ளைகள் பார்த்துச் சிரித்தன, பெரியவர்கள் சிரிக்கவில்லை. அவர் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டார். துண்டையும் மீறித் தெரிந்தது. மில்லைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் இருந்துகொண்டார். மில் ஓடாததால் ஊரே மாவுக்குப் பக்கத்து ஊர் போய்வந்தது, அதற்கும் யாரும் முணுமுணுக்கவில்லை.

இந்த நிலைமையில்தான் இரண்டாவது பேப்பர் வந்தது. லில்லி டீச்சர் அதை டீக்கடை முன்னால் நின்று, இந்தத் தடவை பெயரை விழுங்காமல், முழுசாக வாசித்தாள். சந்தனமாரி கண்டுபிடித்த வில்லை வடிவ விண்மீன் மண்டலத்தை மற்ற நாட்டு விஞ்ஞானிகள் தேடியபோது அவர் சொன்ன இடம் காலியாக இருக்கிறது. அவர் கொடுத்த படம் இட்டுக்கட்டினதோ என்று சந்தேகம். வருகிற அமாவாசை அன்று எல்லோரும் இன்னொரு தடவை பார்க்கப் போகிறார்கள். அன்றைக்கும் அங்கே ஒன்றும் இல்லை என்றால் அவர் பொய் சொன்னதாகவே முடிவாகும், வேலையும் போகும்.

வாசித்து முடித்துவிட்டு டீச்சர் எங்களைப் பார்த்தாள். நாங்கள் பவுண்டைப் பார்த்தோம். அங்கே கொடியில் எங்கள் துணி காய்ந்துகொண்டிருந்தது.

"உசிரோட இருந்தவளச் செத்துட்டாள்னு சொன்னோம்" என்றாள் டீச்சர். "இப்ப அவ கண்ணால கண்டதயும் பொய்யாக்கிட்டோம். அத இங்க அடைச்சு வெச்சு வத்தல் காயப்போட்டுக்கிட்டு இருக்கோம்."

அன்றைக்கே போய் வில்லையை விரட்டினோம். தலைவர் முன்னால் நின்று, "நாந்தான் பிடிச்சேன்னு வெச்சுக்கோயேன்" என்று உலகம்மாளிடம் கெஞ்சிப் பார்த்தார். "நீரு எங்க பிடிச்சீரு? கொட்டாவிதான் விட்டீரு" என்றாள் அவள். அவரே கம்பை உருவிப் படலைத் திறந்தார். வில்லை நகரவில்லை. பஸ்ஸின் ஹாரனை விடாமல் அடிக்கச் சொன்னோம், மாட்டை விரட்டுகிற மாதிரி ஹை ஹை என்று கத்தினோம், வண்டிக் கம்பால் நெம்பினோம். கம்பு நட்சத்திரங்களுக்குள் போய் இளஞ்சூடாக மறுபக்கம் வந்தது. அது தன் இடத்தில் இருந்துகொண்டு, ஓரமெல்லாம் கொஞ்சம் மங்கியது. மறுநாள் இன்னும் கொஞ்சம் மங்கியது. தீனி எடுக்காத மாடு எத்தனை நாள் தாங்கும் என்று எங்களுக்குத் தெரியாதா?

வேறு வழியில்லாமல் கொம்பையா வீட்டுக்குப் போனோம். அவர் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மனைவி செல்லக்கனி மதினி வாசற்படியில் உட்கார்ந்து பயறு புடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, பிள்ளையக் கூப்பிடணும்" என்றார் தலைவர்.

"செத்தவள எப்படிவே கூப்பிட?" என்றார் கொம்பையா, திரும்பாமல். "பிண்டம் வெச்சிட்டேன். கருமாதி முடிச்சிட்டேன். அதத் திருப்பிச் செய்ய நம்ம ஊர்ல ஏதாவது சடங்கு இருக்கா? இருந்தா சொல்லும், செய்யுதேன்."

இல்லை. எங்களிடம் குழி வெட்டச் சடங்கு இருக்கிறது, குழியிலிருந்து கூப்பிடச் சடங்கு இல்லை. செல்லக்கனி மதினி சுளகைக் கீழே வைத்தாள். ஆறு வருசத்தில் அவள் சத்தத்தை நாங்கள் சரியாகக் கேட்டதில்லை.

"நான் அன்னிக்குச் சாப்பிடல" என்றாள். "நீங்க எல்லாரும் சாப்பிட்டீக. பந்தல்ல இல போதாம ரெண்டாவது பந்தி, மூணாவது பந்தின்னு சாப்பிட்டீக. எம்பிள்ள பசிச்சிருக்குமோ தின்னுருக்குமோன்னு நான் அடுப்படியில உக்காந்திருந்தேன். சாம்பார் இன்னும் கொஞ்சம்னு கேட்டு உள்ள எட்டிப் பாத்தீக. ஒருத்தராவது கேட்டீகளா, ஏத்தா, அவ உசிரோடதான இருக்கான்னு?"

கேட்கவில்லை. கட்டிலில் கொம்பையா அழுகிற சத்தம் கேட்டது. தலைவர் தன் செருப்பைப் பார்த்தார், நாங்கள் எல்லோரும் அவர் செருப்பைப் பார்த்தோம்.

மறுநாள் காலையில் கொம்பையா துண்டு கட்டாமல், மொட்டைத் தலை பளிச்சென்று தெரிய, பவுண்டு வழியாகவே நடந்துபோய் பஸ் ஏறி, டவுனில் அதே பிரஸ்ஸில் போய் இறங்கினார். பிரஸ்காரர் பழைய ஆள்தான், அந்தப் போட்டோவும் அவரிடம் பத்திரமாக இருந்தது.

"தலைப்பு என்ன போட அண்ணாச்சி? நம்மகிட்ட கண்ணீர் அஞ்சலி இருக்கு, நினைவஞ்சலி இருக்கு, வாழ்த்து இருக்கு."

"இதுக்குத் தலைப்பு கிடையாது. நான் சொல்லுதத அப்படியே போடும். என் மகள் சந்தனமாரி உயிரோடு இருக்கிறாள். செத்துப்போனாள் என்று சொன்னவன் நான். வெட்கப்படுகிறேன். கொம்பையா, மாவு மில், எருக்கநத்தம்."

பிரஸ்காரர் எழுதிக்கொண்டார். அந்தத் தீபத்தை எடுத்துரட்டா என்று கேட்டார். எடுத்துரும் என்றார் கொம்பையா.

"இவண் போட்டு ஊர்ப் பொதுமக்கள்னு சேக்கவா? பழசுல சேத்திருந்தோமே."

"அத நான் எப்படிச் சொல்ல? இவண்னு போட்டு எடம் விட்டுரும். வேணும்ங்கிறவங்க எழுதிக்கிடட்டும்."

திரும்பி வந்து, மதினி மைதா காய்ச்சிப் பசை எடுத்துக்கொண்டு பின்னால் வர, பட்டப்பகலில் அத்தனை சுவரிலும் அவரே ஒட்டினார். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. உதவுகிறேன் என்று யாரும் போகவில்லை, வேண்டாம் என்று தடுக்கவும் யாரும் போகவில்லை. ஒட்டின இடத்தில் மட்டும் பழைய முகம் மேலே வரவில்லை. புது முகமும் அதே முகம்தான், ஆனால் அடியில் தீபம் இல்லாததால் வேறு பிள்ளை மாதிரி இருந்தது. இவண் என்ற இடம் வெள்ளையாகவே இருந்தது.

அன்று சாயங்காலம் லில்லி டீச்சர் காலனியில் எபநேசர் வீட்டில் நம்பர் வாங்கி வந்து, கொம்பையாவுக்குப் போனில் போட்டுக் கொடுத்தாள்.

"யாரு?" என்றது அந்தப் பக்கம்.

"நான்… எருக்கநத்தத்துலருந்து."

அந்தப் பக்கம் ஒரு நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. பிறகு, "எருக்கநத்தத்துல எனக்கு யாரும் இல்லையே. நான் செத்து ஆறு வருசமாச்சுல்லா?"

"ஆமா தாயி" என்றார் கொம்பையா. போனை டீச்சர் பக்கம் நீட்டினார், அவள்தான் வாங்கி விவரம் சொன்னாள்.

அமாவாசைக்கு முந்தின நாள் மத்தியான மினிபஸ்ஸில் சந்தனமாரியும் எபநேசரும் வந்து இறங்கினார்கள். நிழற்குடைச் சுவரில் ஒட்டியிருந்ததை நின்று முழுக்க வாசித்தாள். வாசித்தவள் அழவில்லை, சிரிக்கவும் இல்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டாள். ஊரே கூடியிருந்தது. ஒருத்தரைக்கூட ஏறிட்டுப் பார்க்காமல் நேரே பவுண்டுக்குப் போனாள். சுவருக்குள் வில்லை பாதிக்கு மேல் மங்கி, ஆறின ஆப்பம் மாதிரிக் கிடந்தது. அவளைக் கண்டதும் நடுவிலிருந்து ஓரம்வரை ஒரு தரம் துடித்தது.

"இங்க ஏன் வந்தே?" என்று அதனிடம் மெதுவாகக் கேட்டாள். எபநேசரிடம் திரும்பி, "இதப் பாத்த அன்னிக்கு வீட்டுல யாருகிட்டயாவது சொல்லணும் போல இருந்துச்சு. எங்கம்மாகிட்ட, எங்கப்பாகிட்ட. சொல்ல ஆளில்லன்னு அழுதேன்லா? அதக் கேட்டுட்டு, இது தானே சொல்லிட்டு வாரேன்னு கிளம்பி வந்திருக்கும் போல" என்றாள்.

கூட்டத்தில் பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

உலகம்மாள் படல் முன்னால் போய் நின்றாள். "பிடிச்சவ பேர வேற ஆளு சொல்லணும். ஊர்க்கட்டு. யாரு சொல்லுதீக?"

கொம்பையா முன்னால் வந்தார். "சந்தனமாரி" என்றார். முதல் தடவை காற்றுதான் வந்தது. இரண்டாவது தடவை பெயர் வந்தது.

"யாரு மக?"

"என் மக. கொம்பையா மக. செல்லக்கனி மக."

"உசிரோட இருக்காளா?" என்றாள் உலகம்மாள். அப்படிக் கேட்கச் சொல்லி எந்த ஊர்க்கட்டிலும் இல்லை.

"இருக்கா" என்றார் கொம்பையா. "இருக்கா தாயி, இருக்கா."

சந்தனமாரி கம்பை உருவினாள். உள்ளே போய் வில்லையின் ஓரத்தில் கை வைத்து, "போ, உன் எடத்துக்கே போ. இனிமே நான் தூரத்துலருந்தே பாத்துக்கிடுதேன்" என்றாள். அது எழுந்தது. துணிக் கொடிகள் அறுந்து எங்கள் வேட்டியும் சேலையும் நாலாபக்கமும் விழ, பவுண்டுச் சுவரைத் தாண்டி, தண்ணித் தொட்டியைத் தாண்டி, மில் கூரைக்கு மேல் ஒரு கணம் நின்று, வட்டில் அளவாகி, பொட்டு அளவாகி, பகல் வானத்தில் இல்லாமல் போனது. கொம்பையா தலையில் முடி திரும்பியிருந்தது. எல்லாச் சுவரிலும் பழைய முகம் போய்விட்டது. புதுப் போஸ்டர்கள் மட்டும் வெயிலில் நின்றன.

செல்லக்கனி மதினி மகளின் கையைப் பிடித்தாள். "வீட்டுக்கு வா. ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போ."

சந்தனமாரி அம்மாவின் கையை விடவில்லை. "எங்க அத்த காலையிலயே சோத்துக்கு உல வெச்சுட்டாகம்மா" என்றாள், காலனிப் பக்கம் காட்டி. பிறகுதான் முதல்முதலாக எங்களைப் பார்த்தாள், ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். "எனக்குப் போட்ட சோறு எல்லாரும் சாப்பிட்டீகன்னு கேள்விப்பட்டேன். இன்னிக்கு நான் போடுதேன். நானும் கூட உக்காந்து சாப்பிடுதேன். வாரவங்க வாங்க."

அவளும் எபநேசரும் முன்னால் போனார்கள், மதினி கூடவே போனாள். உலகம்மாள் பவுண்டைத் திறந்தது திறந்தபடி போட்டுவிட்டுப் போனாள். லில்லி டீச்சர் போனாள். கொம்பையா காலனித் தெரு முனைவரை போய் நின்றார். அந்த முனைக்கு அப்பால் அவர் கால் வைத்ததே இல்லை. காலனி டின்கள் அவர் மில்லில் எப்போதும் தனி வரிசை, எபநேசரின் அம்மா ரூத்தம்மாள் எத்தனையோ வருசம் அந்த வரிசையில் நின்று 'முதலாளி, என் டின்னு' என்று சத்தம் கொடுத்தவள். கையில் ஒட்டியிருந்த காய்ந்த பசையைச் சுரண்டிக்கொண்டு அவர் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றப் போனவர், வேண்டாம் என்று செருப்போடேயே நடந்து உள்ளே போய், எல்லோரும் கழற்றிப் போட்டிருந்த இடத்தில் கழற்றிப் போட்டுவிட்டு, வாசலில் போட்ட பந்தியில் கடைசி இலையில் உட்கார்ந்தார். தலையை நிமிர்த்தவில்லை.

"அண்ணே, சோறு போடட்டுமா?" என்றாள் ரூத்தம்மாள்.

அவர் இலையைப் பார்த்தபடி இரண்டு கையையும் குவித்துத் தலைக்கு மேல் வைத்தார். அவள் போட்டாள். பிறகு பாயசமும் ஊற்றினாள்.

நாங்கள் மற்ற எல்லோரும் தெரு முனையில் நின்றோம். பந்திக்கும் எங்களுக்கும் நடுவில் ஒரு வாய்க்காலைத் தாண்டுகிற தூரம்தான். மறுநாள் அமாவாசையில் வில்லை வானத்தில் அவள் சொன்ன இடத்திலேயே இருந்தது, அவள் பொய் சொல்லவில்லை என்று பேப்பரில் போட்டான், அதைச் சத்தமாக வாசித்தோம், பெயரையும் வாசித்தோம். முனையில் இருக்கிற மோட்டார் ரூம் சுவரில் அந்தப் போஸ்டர் இன்னும் இருக்கிறது. இவண் என்ற இடத்துக்குக் கீழே வெள்ளையாக இருக்கிறது. அங்கே வந்து நிற்கும்போது எல்லார் சட்டைப்பையிலும் பேனா இருக்கிறது. அன்றைக்கு அந்தப் பந்தியில் எங்களுக்காகப் போட்டு வைத்த இலைகள் காற்றில் படபடத்ததைப் பார்த்தோம், சோற்று வாசம் வந்தது, பசித்தது, வெட்கமாக இருந்தது. யாராவது ஒருத்தர் முதலில் போனால் போய்விடலாம் என்று ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றோம். இன்னும் நிற்கிறோம்.